வலது பக்கம் கேக்கல

— மறுபடியும் ஒரு பெட்டியா! ஏங்க, இது மூணாவதுல்ல?

— கத்தாத பூமாரி. பெட்டிதான் பெருசு, உள்ள இருக்கிறது சுண்டுவிரல் அளவு. இந்தா பாரு... டி.ஏ.சி.

— போன மாசம் வாங்குனதும் டி.ஏ.சி.ன்னுதானே சொன்னீக?

— அது மட்டம். அதுக்கு முந்துனது அதைவிட மட்டம். போனுக்குள்ள பாட்டு வெறும் நம்பராத்தான் இருக்கும். அதைச் சத்தமா மாத்துறதுக்கு ஒரு சில்லு உண்டு. நம்ம போன்ல அந்தச் சில்லு சுமாரு. இதை வெளியில மாட்டிட்டா அந்த வேலைய இது பாத்துக்கிடும்.

— எம் புருஷன் ஜீப்பு ஓட்டுறாருன்னு நெனச்சேன். வாத்தியாராப் போயிட்டாரு.

— கிண்டலா? குமுளி கடைக்காரரு கரண்டுல போடுற பெரிய டி.ஏ.சி.யைத்தான் காட்டுனாரு. நம்ம லயத்து வீட்டுக் கரண்டு மழை தூறுனாலே கண்ணடிக்கும், அது வேணாம்னுட்டேன். இது போன் சார்ஜுலயே ஓடும். விலையும் கையைக் கடிக்காது.

— முந்துன ரெண்டுக்கும் இதையேதான் சொன்னீக. நாளைக்கு எஸ்டேட் ஆபீசுல என்கொயரி. நாலு வீடு தள்ளி பாண்டித்துரை அண்ணன் வீட்டுல சரியா அடுப்பே எரியல. இங்க உங்களுக்குப் பாட்டு!

— நான் என்ன, அவரு லாரியப் பிடிச்சா தள்ளிவிட்டேன்? வளைவுல கீழ இருந்து ஏறுற வண்டி ஹாரன் அடிக்கணும், மேல இருந்து இறங்குறவன் பதிலுக்கு அடிச்சிட்டு ஒதுங்கி நிக்கணும். இந்த மலையில பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவரு அடிக்கல. என் ஜீப்பைப் பாத்ததும் திடீர்னு வண்டிய ஒடிச்சாரு, கொழுந்து லாரி தேயிலைக்குள்ள கவுந்துச்சு. உள்ளதைத்தானே சொன்னேன்?

— நாளைக்கும் அதையே சொன்னா அவரு வேலை போகும். வேலை போனா எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணணும்.

— தெரியும்டி! அதை நெனச்சா சோறு இறங்க மாட்டேங்குது. அதான் கொஞ்ச நேரம் பாட்டாவது கேப்பமேன்னு... விடு.

— சரி, மாட்டுங்க. கேட்டுட்டுச் சாப்பிட வாங்க.

— இரு. ஆப்புல தரத்தை உச்சத்துல வச்சாச்சு. ஹெட்போன்ல எல்லுன்னு எழுதுனது இடது, ஆருன்னு எழுதுனது வலது. மாத்தி மாட்டக் கூடாது.

— மாட்டுனா குடி முழுகிடுமோ?

— முழுகும்! எது எந்தப் பக்கம் வரணும்னு கணக்கா வச்சிருக்கான். இந்தப் பாட்டுல நாகசுரம் இடது, உறுமி வலது. எல்லாரும் அந்த உறுமியத்தான் பெருசாப் பேசுறானுக. போட்டாச்சு... இரு...

— என்னங்க, மூஞ்சி போற போக்கு சரியில்லையே.

— உறுமி வரல.

— ம்?

— இதுலயும் வரல பூமாரி! மூணுலயும் வரல! வலது பக்கம் பஞ்சு அடைச்ச மாதிரி கம்முனு கெடக்கு. ஏமாத்திப்புட்டானுக!

— குடுங்க இப்பிடி. நானும் கேக்குறேன்.

— எல்லு இடது—

— தெரியும், தெரியும்... ஆத்தாடி!

— என்ன, என்ன?

— காதே பிய்யுதுங்க! உறுமி என்னமா உறுமுது!

— எந்தப் பக்கம்?

— வலது பக்கந்தான்.

— வெளையாடாத.

— உங்க மேல சத்தியமா.

— கழட்டு, குடு... இல்லையே! ஒண்ணுமே வரலையே!

— மாத்தி மாட்டுங்க.

— மாத்தக் கூடாதுன்னு இப்பத்தானே—

— ஒரே ஒரு தடவ! எனக்காக.

— சரி, மாட்டிட்டேன்.

— வருதா?

— வருது... இடது காதுல உறுமி வருது.

— நாகசுரம்?

— அதைக் காணோம். பூமாரி, நாகசுரத்தைக் காணோம்டி! எங்க போச்சு?

— எங்கயும் போகல. உங்க வலது காதுல ஊதிக்கிட்டுத்தான் இருக்கு. இங்க நிக்கிற எனக்கே கேக்குது.

— என்ன சொல்ற?

— அதைக் கழட்டிட்டு இடது காதை நல்லாப் பொத்துங்க. நான் இந்தப் பக்கம் வந்து பேசுறேன்... ... இப்ப கையை எடுங்க. கேட்டுச்சா?

— பேசுனியா?

— கடவுளே...

— என்ன பேசுன? சொல்லு!

— உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமானதுல இருந்து இன்னைக்குத்தான் முதல் தடவ. எப்ப இருந்துங்க இப்பிடி?

— தெரியலையே... சித்திரையில காய்ச்சல்ல கெடந்தேன்ல? அதுக்குப் பெறகுதான் பாட்டு ஒரு பக்கமா வந்துச்சு. போன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். சத்தியமா, போனுன்னுதான் நெனச்சேன்.

— ஆளுக பேசையிலகூடத் தெரியலையா?

— போனை எப்பவும் இடது காதுலதான் வைப்பேன். ஜீப்புல நீ, டூரிஸ்ட்டு, எல்லாரும் எனக்கு இடது பக்கந்தானே... பூமாரி.

— சொல்லுங்க.

— அன்னைக்கு லாரி எந்தப் பக்கமா வந்துச்சு? வலது பக்கம். இடது பக்கம் மழைக்குக் கட்டுன தார்ப்பாய் படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இருந்த ஒரு காதையும் அது அடைச்சிருக்கும். ஐயோ... அவரு ஹாரன் அடிச்சிருந்தா? அடிச்சிருந்தாலும் எனக்கு எப்பிடிடி கேட்டிருக்கும்? நான்பாட்டுக்கு அத்தனை பேரு முன்னாடியும் அடிச்சுச் சொன்னேனே!

— உக்காருங்க. தண்ணியக் குடிங்க மொதல்ல.

— நாளைக்குப் போயி உள்ளதைச் சொல்லிப்புடவா? காது கேக்காதவன் ஜீப்பு ஓட்டுறான்னு லைசன்சைப் புடுங்கிருவாங்க. சொல்லலன்னா அவரு பிள்ளைகுட்டியோட தெருவுல நிப்பாரு. எனக்குப் பயமா இருக்கு பூமாரி. இரு, இரு! நீயும்தானே பக்கத்துல உக்காந்திருந்த?

— ம்...

— மேனேஜர் கேட்டப்ப நீயும் ஹாரன் கேக்கலன்னுதானே சொன்ன? உனக்குக் காது நல்லாத்தானே இருக்கு! உறுமியே அப்பிடிக் கேக்குதே! அப்ப அவரு அடிக்கல... அப்பாடா! போன உசுரு திரும்பி வந்துச்சு. என்னடி, வாயத் தொறக்க மாட்டேங்குற?

— அண்ணன் ரெண்டு தடவ அடிச்சாருங்க... நீங்க தெரிஞ்சேதான் பொய் சொல்றீகன்னு நெனச்சு, உங்களைக் காட்டிக் குடுக்க மனசு வராம, நானும் கேக்கலன்னுட்டேன்.