மேட்டுத் தோட்டத்து மண்

— நீங்க எழுதிக் கொடுத்த சீட்டுதானே சார் இது? மண்ணுல புளிப்பு ஜாஸ்தி, சுண்ணாம்பு போடுங்கன்னு? போட்டோம். ரெண்டு வருஷமா மூட்டை மூட்டையாப் போட்டோம். இப்போ இந்தக் கொப்பைப் பாருங்க!

— மெதுவாம்மா. மேஜையெல்லாம் இலை.

— கொட்டட்டும்! தோட்டத்துலயும் இப்படித்தான் கொட்டுது. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள். நானூறு பீச் மரம் சார். முதல் காய்ப்பு. கோலிக்குண்டு அளவுலயே உதிர்ந்து போச்சு. மண் பரிசோதனை ஆபீஸ்னு வாசல்ல போர்டு வேற!

— சுண்ணாம்பு கூடிப்போனா மரம் இரும்புச் சத்தை எடுக்காது. போன வாரம் நீங்க கொண்டு வந்த மண்ணுல, சுண்ணாம்பே படாத வரப்போரத்து மண்ணுலகூடப் புளிப்பு இல்ல. அதுக்கு நான் சுண்ணாம்பு எழுதவே மாட்டேன்.

— பின்னே யாரு எழுதினா, உங்க மேஜையா?

— கோவப்படுங்க, ஆனா கேட்டுட்டுப் படுங்க. முதல் தடவை வந்த மண்ணோட மிச்சம் இந்த டப்பாவுல இருக்கு. உள்ள என்ன கிடக்கு?

— ஊசி ஊசியா... பைன் இலை.

— பைன் இலை விழுந்து மக்குற மண்ணுதான் இப்படிப் புளிக்கும். உங்க தோட்டத்துல பைன் மரம் இருக்கா?

— ஒண்ணுகூட இல்ல. கீழே, வண்டி நிறுத்துற இடத்துலதான் வரிசையா... சேச்சே, இருக்காது சார். எங்க வீட்டுக்காரர் மேடு முழுக்க நடந்து, இருபது இடத்துல ஒரு சாண் தோண்டி எடுத்தவரு.

— அவரையே கேளுங்க. இப்பத்தான் நின்னு நின்னு மாடிப்படி ஏறி வர்றாரு.

— வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க. இவரு என்ன சொல்றாருன்னு கேளுங்க, நீங்க வண்டிக்குப் பக்கத்துலயே மண்ணை அள்ளினீங்களாம்! ஏன் தலையைக் குனியிறீங்க? அப்போ நிஜமா? உங்க சோம்பேறித்தனத்துக்கு நானூறு மரமா?

— சோம்பல் இல்லடி.

— பின்னே?

— மேடு ஏற முடியல. பத்தடி வச்சா நெஞ்சு மேல யாரோ ஏறி உட்காந்த மாதிரி இருக்கு. சொன்னா தோட்டத்தையே வித்துடலாம்னு நிப்பே.

— அதான் சுண்ணாம்பு தூவ எங்களை அனுப்பிட்டு நீங்க கீழேயே நின்னீங்களா? எத்தனை நாளா இப்படி?

— மண்ணு எடுக்கப் போன அன்னைக்கிலேர்ந்து.

— ரெண்டு வருஷமா!

— அம்மா, மரத்தைக் காப்பாத்திடலாம். சுண்ணாம்பை நிறுத்திட்டு, மக்கின எருவும் கொஞ்சம் கந்தகமும்...

— மரம் கிடக்கட்டும் சார். இந்தத் தெருவுல நெஞ்சு டாக்டர் யாரு இருக்கா, அதைச் சொல்லுங்க முதல்ல.