ஒரே வாங்கில்

"நேற்று கொழும்புச் சேர்ச்சிலை பிரசங்கம் தொடங்கி அஞ்சு நிமிசத்திலை நீங்கள் நித்திரை."

ரயில் சாவகச்சேரியைத் தாண்டும்போது, எனக்கு எதிர் வாங்கில் அமர்ந்திருந்த அம்மா தன் கணவரிடம் இப்படிச் சொன்னார். கணவர் ஒரு போதகர். நாற்பதாவது கல்யாண நாளுக்குக் கொழும்பு பார்க்கப் போய்த் திரும்புகிறார்கள். தாமரைக் கோபுரமும் காலிமுகத்திடல் இறால் வடையும் அனுராதபுரம் வருமுன்பே கதைத்து முடிந்திருந்தன.

"குறட்டையும் விட்டனானோ?"

"மெதுவா."

"ஐயோ! நான் ஊழியக்காரன் எல்லே. நீர் ஒருக்காத் தட்டி எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பத்தான் கையைத் தூக்கினனான். பிறகு விட்டிட்டன்."

"ஏன்?"

அந்த அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கலியாணத்தண்டைக்குச் சேர்ச்சிலை ஒரே வாங்கிலை இருந்தனாங்கள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் பிரசங்க பீடத்திலை, நான் கீழை தனிய. நேற்றுத்தான் திரும்பவும் பக்கத்திலை இருந்தனீங்கள். உங்கடை தலை என்ரை தோளிலை கிடந்துது."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அப்ப, பிரசங்கம் என்னத்தைப் பற்றி?"

"ஆருக்குத் தெரியும்? நானும் கேக்கேல்லை."