வாங்கில இருந்தவள்

— எழும்புங்கோ தவமலர். உங்கட மனுசன் காருக்குள்ள இருந்து ஹோர்ன் அடிக்கிறார்.

— அடிக்கட்டும் சுசிலாக்கா. என்ர மூட்டு நோவுக்கு உடன எழும்ப ஏலாது.

— நீங்கள் மாப்பிள்ளையின்ர தாய். தகப்பனும் பெரியப்பாவும் கோவிச்சுக்கொண்டு போனாப் பிறகு நீங்கள் இங்க இருந்தா, வீட்டில உங்களுக்குத்தான் கரைச்சல்.

— அவரின்ர தமையனுக்கு வாய் சும்மா கிடக்காது, அம்மாளாச்சி! பொம்பிளை பாக்கவெண்டு இந்த லண்டனில, டூட்டிங்கில இருந்து வந்திட்டு, ஊரில எந்தக் குறிச்சி எண்டு கேக்கிறதே? நீங்களாவது வேறை ஏதும் சொல்லியிருக்கலாம்.

— ஏன் பொய்யைச் சொல்லுவான்? கேட்டார், சொன்னன். என்ன சாதியெண்டு விளங்கினவுடன எழும்பிட்டினம்.

— பார்க்குக்கு நடக்கப் போன பிள்ளையள் ரெண்டுக்கும் இன்னும் ஒண்டும் தெரியாது. வந்து கேட்டா என்னத்தைச் சொல்ல?

— நீங்களே சொல்லுங்கோ, எனக்கு வாய் வராது. என்ர மகள், தகப்பனில்லாமல் வளத்த பிள்ளை. ஆனாப் பாருங்கோ, எனக்கு உங்களில கோவமில்லை. எல்லாரும் எழும்பிப் போக ஒருத்தி மட்டும் இருந்தது, எனக்கு இது ரெண்டாம் தரம்.

— முதல் ஆர் இருந்தது?

— பள்ளிக்கூடத்தில. அறுபத்தாறாம் ஆண்டு, எனக்கு எட்டு வயசு. எங்கட குறிச்சிப் பிள்ளையள் நிலத்தில, மற்றப் பிள்ளையள் நீட்டு மர வாங்கில. புதுசா வந்த வாத்தியார் என்னைக் கையில பிடிச்சுக்கொண்டு போய் வாங்கில இருத்தினார். வாங்கு முழுக்க எழும்பி வெளியில போயிட்டுது.

— ஐயோ!

— ஒருத்தி மட்டும் போகேல்லை. கொஞ்சம் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள். பின்னேரம் வீட்டில நல்ல அடியாம். அடுத்தநாள் கால் முழுக்கத் தழும்போட வந்து, திரும்பவும் எனக்குப் பக்கத்தில இருந்தாள்.

— பிறகு அவவைக் கண்டனீங்களோ?

— எங்க காண? சண்டையில ஆர் ஆர் எங்க போச்சினமோ. நான் படிச்சது, நர்ஸா வந்தது, எல்லாம் அந்த வாங்கில தொடங்கினது. அவளுக்கு ஒரு நன்றி சொல்லேல்லை. விளக்குக் கொளுத்தேக்கை நினைச்சுக் கும்பிடுவன். மங்கையற்கரசி எண்டு பேர்.

— மங்கையற்கரசியோ! லண்டனில பிறந்த உங்கட பெட்டைக்கு ஏன் இந்தப் பழைய பேர் எண்டு நான் என்ர மகன் சுஜீத்தோட எத்தினை தரம் பகிடி விட்டனான்!

— அந்தப் பேரை வைச்சதுக்கு என்ர மகளும் என்னைப் பேசுறவள்தான். இங்க ஒரு ரீச்சருக்கும் அந்தப் பேர் வாய்க்குள்ள நுழையேல்லை.

— என்னை அவவோட சேர்க்காதேங்கோ அக்கா. நான் மூட்டு நோவால இருக்கிறன்.

— எதால எண்டாலும் இருக்கிறியள்தானே! அது காணும் எனக்கு, கோடி புண்ணியம் உங்களுக்கு. கலியாணம் சரிவராட்டிலும் உங்களை மறக்கமாட்டன். வெளிக்கிடுங்கோ, போனும் அடிக்குது.

— பொறுங்கோ... ஹலோ. ஓமப்பா, கேக்குது, கத்தாதேங்கோ. அண்ணையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போங்கோ. நான் சம்மந்தி வீட்டில சாப்பிட்டிட்டு பஸ்ஸில வாறன்.