நூத்தி நாப்பத்தி நாலு அடுக்கு

இரும்மா, இரு. உலையில தூக்கிப் போடுன்னு சொல்லிட்டே, போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒடிஞ்ச கத்தி, ரெண்டு துண்டும் சேந்து ஒரு முழங்கூட இல்ல. அஞ்சு நிமிஷத்துல உருத் தெரியாமப் போயிடும். அதுக்கு முன்னாடி உங்கண்ணன் சொல்றத ஒரு தடவ கேளு. அந்த ஸ்டூல்ல வேணாம், அது கால் ஆடும். இப்படி வா.

தெரியும்மா. புருஷன் உசுரக் குடிச்ச சாமான் வீட்ல கெடக்கக் கூடாதுங்கிற. நாப்பது நாளா நான் ஒன் வாசப்படி மிதிக்கலியே, ஏன்னு நெனச்சே? வேலையா? அட போம்மா. வேலையாம் வேல.

மாப்ள சாதாக் கத்திதான் கேட்டாரு. வேட்டைக்குப் போனா தோல் உரிக்க ஒண்ணு வேணும், கைக்கு அடங்கினாப் போதும் மச்சான்னாரு. நான்தான் விடல. தங்கச்சி புருஷனுக்குப் போயி சாதாவா செஞ்சு தருவேன்? டமாஸ்கஸ் போட்டுத் தரேன்னேன். அது என்ன மச்சான், இருமல் மருந்தான்னு கேட்டாரு. நீகூட அன்னைக்குச் சிரிச்சே.

டமாஸ்கஸ்னா அடுக்கு இரும்பும்மா. ரம்பத் தகடு அஞ்சு, பழைய அரம் நாலு. மாத்தி மாத்தி அடுக்கி, கம்பியால கட்டி, வெண்ணெ நெறம் வர்ற வரைக்கும் காய்ச்சணும். மேல வெங்காரம் தூவணும். அது உருகி, உள்ள இருக்கிற கசடையெல்லாம் இழுத்துட்டு வெளிய ஓடி வரும். அப்பதான் அடிக்கிற அடியில இரும்பும் இரும்பும் ஒண்ணாகும். இல்லேன்னா ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. அப்புறம் மடிக்கணும், திரும்பக் காய்ச்சணும், அடிக்கணும். ஒம்பது பதினெட்டாகும், பதினெட்டு முப்பத்தாறாகும். நாலு மடிப்பு மடிச்சா நூத்தி நாப்பத்தி நாலு. தோள்பட்ட கழண்டு போச்சு எனக்கு.

நாலாவது மடிப்புல வெங்கார டப்பா காலி. கடைக்குப் போய் வரணும்னா அர நாள் போயிடும். உலை தகதகன்னு எரியுது. டப்பாவத் தட்டி, அடியில ஒட்டியிருந்தத சொரண்டிப் போட்டு அடிச்சுட்டேன்.

என்ன, வெங்காரத்தால என்னவா? சொல்றேன்.

கத்தியா இழுத்து, எண்ணெயில முக்கி, தேய்ச்சேன். முதுகுப் பக்கம் சுத்தியல் தழும்ப அப்படியே விட்டேன், முரட்டுத்தனமா இருக்கட்டும்னு. கடைசியா ஆசிட்ல முக்கி எடுத்தேன். ரம்பம் வெள்ளையா நின்னுச்சு, அரம் கருத்துச்சு. மழத்தண்ணி ஓடி முடிஞ்ச மணல் மாதிரி வரி வரியா. இருபத்தாறு வருஷத்துல என் கையில அப்படி ஒண்ணு வந்ததே இல்லம்மா. அந்த வரிங்களுக்கு நடுவுல ஒரு வரி, மயிரு தடிமன். மத்ததெல்லாம் வழவழன்னு இருந்துச்சு. அதுல மட்டும் நகம் மாட்டுச்சு.

ஆமா. அப்பவே பாத்தேன்.

ஒடச்சுப் போட்டிருக்கணும். மனசு வரல. தோல் உரிக்கத்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு பிடியப் போட்டேன். அதோட நின்னேனா? ஒங்க வீட்ல அத்தன பேர் முன்னாடி அவரு கையில குடுத்து, ஆனையக் குத்தினாலும் வளையாது மாப்ளன்னேன். வாய்க்கொழுப்பு. அவரு நம்பிட்டாரு.

கூடப் போன லாரிக்காரர் எங்கிட்ட சொன்னாரு. தான் சுட்ட குண்டு காட்டுப் பன்னிக்கு ஏடாகூடமாப் பட்டு, அது மாப்ள மேல திரும்பிடுச்சு. பக்கத்துலயே மரம் இருந்துச்சாம். ஏறியிருக்கலாம். ஏறல. கத்திய உருவிட்டு நின்னாராம். குத்தும் சரியாத்தான் எறங்கியிருக்கு. எலும்புல பட்டதும் கத்தி பொளந்து ஒடிஞ்சிடுச்சு. அப்புறந்தான் அது தொடையில... சரி, வேணாம்.

இந்த ஒடிஞ்ச எடத்தப் பாரு. உள்ள கருப்பா இருக்குல்ல, அது வெங்காரம் பத்தாம உலையிலயே ஒட்டாமப் போனது. ஓரத்துல வெள்ளையா மின்னுது பாரு, அதுதான் அன்னைக்கு ஒடிஞ்சது. இது நெருப்புல போயிடுச்சுன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நீ நீட்டினதும் வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டேனே, அது துக்கத்துல இல்லம்மா. சந்தோஷத்துல.

எந்திரிக்காத. இன்னும் முடியல.

ஏழு மாசமா குடியத் தொடாதவரு, ஒங்கிட்ட சத்தியம் பண்ணினவரு, காட்டுக்குப் போயிக் குடிச்சுட்டுத் தடுமாறிச் செத்தாருன்னுதானே நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல? படத்தக்கூட செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கியாமே.

ஆஸ்பத்திரி வாசல்ல ஆளாளுக்குக் கேட்டாங்க, கத்தி எப்படி ஒடிஞ்சுதுன்னு. எல்லாரு கண்ணும் எம் மேலதான். ஏதாவது சொல்லணுமே. வாயில சாராய வாட அடிக்குதே, கவனிக்கலியான்னேன். அவ்வளவுதான். மிச்சத்த ஜனங்க பாத்துக்கிட்டாங்க. லாரிக்காரர் இல்லவே இல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு, அவரையும் சேத்துக் குடிகாரனாக்கிட்டாங்க.

வாட எங்கம்மா அடிச்சுது? தலையோட துணி மூடி, பத்தடி தள்ளிப் படுக்க வெச்சிருந்தாங்க. நான் கிட்டகூடப் போகல.