பன்னிரண்டு வருச நாடு

கிட்ட வந்து இருங்கோ பிள்ளை. இவர் உள்ளுக்கைதான் படுத்திருக்கிறார், காது நல்ல கூர்மை. தன்னைப் பற்றித்தான் கதைக்கிறம் எண்டு தெரிஞ்சால் எழும்பி வந்திடுவார். தேத்தண்ணி வேண்டாமோ? சரி, பேந்து குடிப்பம். எனக்கும் இப்ப எழும்ப ஏலாமல் கிடக்கு.

கவுன்சில் ஒரு தமிழ்ப் பிள்ளையை அனுப்பினது நல்லதாப் போச்சு. போன முறை வந்த மனுசி நல்லவதான், குறை சொல்லேல்லை. ஓம், அவ எழுதின ரிப்போட்டில நீங்கள் வாசிச்சதுதான். இப்ப எந்த நாட்டில இருக்கிறியள் எண்டு கேட்டா. இவர் நியூ ஈஸ்ட் பிரஷ்யா எண்டிட்டார். அண்டையில இருந்துதான் இந்தக் கதை, ஆளை வயசுபோன ஆக்களின்ர ஹோமில விடச் சொல்லி.

அது விசர்க்கதை இல்லைப் பிள்ளை. அங்கை சுவரில தொங்குதே மேப், அதுக்கு நேர இருந்து சொன்னவர். அப்டன் பார்க்கில இருக்கேக்க பழஞ்சாமான் விக்கிற கார் பூட் சேலில வாங்கினது. மேப்புக்காக இல்லை, பிரேமுக்காக. அம்மன்ர படம் போடவெண்டு. வீட்டை வந்து கழட்டப்போன மனுசன் அப்பிடியே நிலத்தில இருந்து பாத்துக்கொண்டிருந்தார். அம்மன் இண்டைக்கும் பிரேம் இல்லாமல்தான் நிக்கிறா.

அப்பிடி ஒரு மாகாணம் மெய்யா இருந்ததாம். போலந்தை மூண்டு அரசுகள் பங்குபோடேக்க, பிரஷ்யாக்காரன் தன்ர துண்டொண்டுக்கு வைச்ச பேர். பியாலிஸ்டொக் எண்டொரு பட்டினத்தில அரசாங்கக் கந்தோர் வைச்சு, நிலம் அளந்து... பன்னிரண்டு வருசம்தான். பேந்து பிரெஞ்சுக்காரனிட்டைத் தோத்து எல்லாம் போச்சு. அளந்த மேப் அச்சாகி வரேக்க நாடு இல்லை. அதால தலைப்பில முன்னாள் எண்டு போட்டிருக்காம். இவர் லைப்ரரியில கேட்டு அறிஞ்சவர். அந்த ஒரு சொல்லுக்கு அப்பிடிச் சிரிப்பார். எங்கட வன்னியில இயக்கம் நடத்தின கந்தோர், கோர்ட், பொலிஸ் எல்லாம் இருந்து இல்லாமல் போனதைக் கண்டிட்டு வந்த மனுசன். ஏன் சிரிக்கிறியள் எண்டு நான் கேக்கிறேல்லை.

அங்கை இருந்த யூதச் சனத்துக்கு எங்களைப் போல தகப்பன்ர பேர்தானாம். பிரஷ்யாக்காரன் வந்து ஆளுக்கொரு குடும்பப்பேர் வேணுமெண்டு சட்டம் போட்டானாம். நாடு போச்சு, பேர் நிண்டிட்டுது. இவரையும் ஹீத்ரோவில மிஸ்டர் வல்லிபுரம் ஆக்கிவிட்டாங்கள். அது மாமான்ர பேர், இவற்ற தகப்பன். இவர் சந்திரகுமார். பெற்றோல் ஸ்டேஷனில எல்லாரும் அப்பிடிக் கூப்பிட, அப்பாதான் ஷிப்டுக்குப் போறார், சந்திரகுமார் வீட்டில நிக்கிறான் எண்டுவார். பேரைச் சொன்னால் எப்பிடி எழுதுறதெண்டு கேப்பினமே இங்கை? எழுத்தெழுத்தாச் சொல்லியே வாய் நொந்த மனுசன்.

கெட்டிக்காரன், இப்பவும். டொக்டர் பிரதம மந்திரி ஆரெண்டு கேக்க, அடிக்கடி மாறுகினம், நான் காலமை நியூஸ் பாக்கேல்லை எண்டார். டொக்டர் சிரிச்சே போட்டார். தனக்குத் தெரியாதெண்டதை ஒருத்தருக்கும் காட்டமாட்டார்.

அதால நீங்கள் எழுதுங்கோ, ஆள் தெளிவெண்டு. நான் பாக்கிறன். எனக்கு ஏலும். களைப்புத்தான், அதுக்கென்ன செய்யிறது. ஹோமில கொண்டுபோய் விட்டால் இந்த மேப்பை ஆர் அங்கை கொழுவப் போகினம்?

என்ன கேட்டனீங்கள்? என்னை இவருக்கு அடையாளம் தெரியுதோ எண்டோ?

தேத்தண்ணி போடட்டே... சரி, இருங்கோ, சொல்லுறன். காலமை புட்டைக் கொண்டுபோய் வைச்சன். நாப்பது வருசமா இஞ்சாரும், இஞ்சாரும் எண்டுதான் கூப்பிடுவார். இண்டைக்கு என்னை வடிவாப் பாத்தார். மரியாதையாச் சிரிச்சார். உங்கட பேரை இங்கிலிசில எப்பிடி எழுதுறது எண்டு கேட்டார். வசந்தமலர் நீளப் பேரெல்லோ, வீ, ஏ, எஸ் எண்டு ஒவ்வொரு எழுத்தாச் சொன்னன். முடியுமட்டும் கவனமாக் கேட்டுக்கொண்டிருந்தார். பேந்து தலையை ஆட்டி, ஓம் ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான் எண்டார்.