தொண்ணூறு டிகிரி

இன்னும் கொஞ்சூண்டு தள்ளுங்க மதினி, போதும். நான் என்ன முழுசாவா உக்காரப் போறேன்? மூணு பேர் சீட்டுல நாலாவதா வந்தவளுக்கு ஒத்தத் தொடைக்குத்தான் இடம், மத்தது காத்துல. சௌத்தா சீட்டுன்னா அவ்வளவுதான.

ஆமா, தாராவிதான். சயான் ஸ்டேஷன்ல இந்த ரயில்ல ஏறுனேன். நீங்க போன்ல யார்ட்டயோ ரசத்துக்குப் புளி கரைக்கச் சொன்னிய பாருங்க, அதக் கேட்டுத்தான் இங்கன வந்தேன். இந்தக் கதைய இந்தியில சொல்ல எனக்கு வராது.

என்ன கதையா? எம்மவ ஷாலினி கதைதான். பத்து நாளா எங்கூட ஒரு பேச்சு இல்ல. சோத்தப் போட்டா திங்கா, தட்டக் கழுவி வைக்கா, போயிருதா. சுவத்துக்குச் சோறு போட்டாக்கூட ஒரு பல்லி கத்தும்.

சத்தமாவா பேசுதேன்? கேண்டீன் வேலை மதினி, விக்ரோலியில. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மேல கத்திக் கத்தி இதான் என் மெதுவான குரலே.

என்ன நடந்துச்சுன்னா, தாணேயில ஒரு கல்யாணம். பந்தியில நாத்தனா கேட்டா, உம்மவ ஆராய்ச்சி ஆராய்ச்சிங்காளே, அப்படி என்னதான் பண்ணுதான்னு. நான் பட்டுன்னு, டேப்ப ஒட்டி ஒட்டிப் பிரிக்கான்னுட்டேன். பந்தியே சிரிச்சிச்சு. நானும் சேந்து சிரிச்சேன். இவ பாயாசத்த அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுட்டா.

பொய்யும் இல்ல பாத்துக்கிடுங்க. நெசமாவே டேப்புதான் ஒட்டுதா. அவ வச்சிருக்க கல்லு அடுக்கடுக்கா இருக்கும், நம்ம பரோட்டா மாதிரி. டேப்ப ஒட்டி இழுத்தா ஒரு ஏடு வரும். அந்த ஏட்டையும் ஒட்டி இழுத்தா அதவிட மெல்லிசா ஒண்ணு வரும். இழுத்து இழுத்து, கடைசியில இருக்கா இல்லையான்னே தெரியாது. மூச்சு விட்டா பறந்துருமோன்னு இருக்கும்.

எதுக்குன்னா, லைட்டுக்கு. இந்த பல்பு லைட்டு இல்ல. உங்க உடம்புல இருந்து இப்ப ஒண்ணு வருது பாருங்க, அது. சிரிக்காதிய, எனக்குந்தான் வருது. கண்ணுக்குத் தெரியாது, சூடாத்தான் தெரியும். டிவி ரிமோட்ட அமுக்குனா போறதும் அதே கூட்டம்தான். இன்ஃப்ராரெட்டு.

அந்த லைட்டோட அலை பெரிய உடம்புக்காரி. நமக்கு அவ பொடிசு, ஆனா ஷாலினி வேலை பாக்கிற இடம் அதவிடப் பொடிசு. அங்கன அவளால நுழைய முடியாது. பீரோவ எங்க சால் வீட்டு ஒடுக்கமான ஏணியில ஏத்துன கதைதான். ஆனா இந்தக் கல்லுக்குள்ள அணுவெல்லாம் எப்பவும் ஆடிக்கிட்டே இருக்குமாம். லைட்டு அந்த ஆட்டத்தப் பிடிச்சுக்கிடும். தாதர் பாலத்துல கூட்டத்துக்குள்ள விழுந்தா நம்மளா நடக்கோம்? கூட்டம்லா நம்மளக் கொண்டுபோவுது. அப்படி ஆட்டத்தோட ஆட்டமா ஒட்டிக்கிட்டு, உடம்ப ஒடுக்கிக்கிட்டு, சௌத்தா சீட்டுல உக்காந்துரும். இப்ப நான் உக்காரலையா?

உள்ள வந்தா மட்டும் போதுமா? சொன்ன பக்கம் போவணும்லா. கல்லப் போட்ட குளத்துத் தண்ணி மாதிரி நாலாபக்கமும் சிதறுனா என்ன பிரயோசனம்? அதுக்குத்தான் ஒரு ஏட்டு மேல இன்னொரு ஏட்ட வைக்கா. ஒவ்வொரு ஏடும் ஒரு பிடிவாதக்காரி. லைட்ட நான் இந்தப் பக்கந்தான் விடுவேங்கும். மேல உள்ளத மெதுவாத் திருப்பிக்கிட்டே வந்தா, ஒரு கோணத்துல ரெண்டும் சமாதானமாயிருமாம். லைட்டு அக்கம்பக்கம் பாக்காம தண்டவாளத்துல வண்டி போற மாதிரி ஒரே கோடாப் போவும்.

எந்தக் கோணமா? தொண்ணூறு டிகிரி.

ஆமா மதினி, தொண்ணூறு. சிலுவை மாதிரி குறுக்க வச்சிட்டா முடிஞ்சிச்சு. ரொம்ப லேசு.

குர்லாவா வந்துட்டு? பைய மடியில வைங்க, இப்ப கூட்டம் இடிக்கும்.

நான் எங்க படிச்சேன்? எட்டாங் கிளாஸ். அவ கூட வேலை பாக்கிற பரீஹான்னு ஒரு பிள்ள இருக்கு. ஞாயித்துக்கிழமை அதக் கூட்டியாந்து, மீன் கொழம்பு வச்சுக் குடுத்து, ஒண்ணொண்ணாக் கேட்டேன். எனக்கு விளங்குத வரைக்கும் கைய கழுவ விடலையே. எதுக்கு ஆகும்னு மட்டும் கேக்காதிய. அத எம்மவட்ட கேட்டதுதான் எங்க மொத சண்டை. விசவாயு துளி கசிஞ்சாலும் கண்டுபிடிக்கலாமாம், இன்னும் என்னமோ சொல்லிச்சு அந்தப் பரீஹா பிள்ள.

மறக்காதிய, தொண்ணூறு டிகிரி!

ஏன் திரும்பத் திரும்பச் சொல்லுதேனா? சொல்லுதேன், தலையத் திருப்பாதிய. உங்க இடது பக்கம் வாசல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நீலச் சுடிதார்ல ஒருத்தி நிக்காளா? காதுல ஹெட்ஃபோன்? அவதான். ஒரே வீட்டுல இருந்து ஒரே வண்டிக்கு வாரோம், பத்து நாளா அவ வாசல்ல, நான் உள்ள. அந்த ஹெட்ஃபோன்ல பாட்டு ஒண்ணும் ஓடல மதினி. ராத்திரி சார்ஜர பிடுங்கி விட்டது நாந்தான்.

தொண்ணூறு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தொண்ணூறுல வச்சா சிதறித்தான் போவும். சரியான கோணத்தத் தேடி ரெண்டு வருசம் தூங்கலையே எம்மவ. என்ன ஏசுனாலும் பொறுப்பா. அத ஒருத்தி தப்பாச் சொன்னா மட்டும் அவளால நிக்க முடியாது.

பாத்தியளா, கட்கோபர் ஸ்டேஷன்கூட இன்னும் வரல, அதுக்குள்ள கழுத்து திரும்பிட்டு. ஹெட்ஃபோன கழட்டுதா. வாரா, வாரா. ஆத்தாடி, என்ன கோவம் மூஞ்சில!

மதினி, இன்னும் கொஞ்சூண்டு தள்ளுங்க. அஞ்சாவது ஆளுக்கு இடமில்லைன்னு மட்டும் சொல்லிராதிய, இவ்வளவு நேரம் பின்ன என்னத்தச் சொன்னேன்?

என்னட்டி? தொண்ணூறு இல்லையா?

பெறவு எவ்வளவு? உக்காந்து சொல்லு.