நூற்றுப் பதின்மூன்றாவது படம்

மதியம் இரண்டரை மணி. வடக்கனந்தலைத் தாண்டி மலைக்குப் போகிற சாலை... ஈ காக்கை கிடையாது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று விளக்கைச் சுற்றி ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் நேரத்தை முதலில் சொன்னேன். இது பட்டப்பகலில் நடந்தது.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் சொன்னவன் என் சிநேகிதன் மஜீத். நடந்தது அவன் அக்காள் புருஷன் ஷேக் மைதீனுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கம். அந்தச் சாலையில் அப்போது ஒரு கலைப் பல்கலைக்கழகம் இருந்தது. மைதீன் அதன் நூலகர். புத்தகங்களோடு ஓர் இரும்பு பீரோவும் அவர் பொறுப்பு. உள்ளே மாணவர்கள் கரியால் வரைந்த படங்கள், நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் ஒரே பெண்... தைலம்மாள். மலையிலிருந்து இறங்கிவந்து ஆறு வருடம் ஓவிய வகுப்பில் மேடைமேல் உட்கார்ந்தவள். அசையாதே என்றால் ஒரு மணி நேரம் அசையமாட்டாள். அவள் செத்து இரண்டு வருடமாகியிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து சைக்கிளில் திரும்பினார் மைதீன். அந்த நேரத்தில் நூலகத்தில் அட்டெண்டர் பிச்சைமுத்து மட்டும்தான் இருப்பான். வாசலில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டது. சர்க்... சர்க்... சொரசொரப்பான காகிதத்தில் கரி உரசுகிற சத்தம். உள்ளே போனார். சத்தம் நின்றது. பீரோ திறந்திருந்தது. பிச்சைமுத்துவின் சட்டைக்குள் ஒரு காகிதச் சுருள்.

பிடுங்கிப் பிரித்தார். அதில் தைலம்மாள் இல்லை. வகுப்பு முழுக்க மாணவர்கள், பலகையோடு, நிமிர்ந்து இந்தப் பக்கமே பார்க்கிறார்கள். மேடைமேல் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

“அது நம்மளது இல்ல சார். வேணும்னா எண்ணிப் பாருங்க” என்றான் பிச்சைமுத்து.

எண்ணினார். பீரோவில் நூற்றுப் பன்னிரண்டும் சரியாக இருந்தன. கையில் இருப்பது உபரி. வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே விட்டிருப்பார். மைதீனுக்கு எண்ணிக்கை சரியாக இருந்ததே சந்தேகமாகிவிட்டது. அசலை எடுத்துக்கொண்டு போலியை வைக்கிறான் என்று முடிவு கட்டினார். திருடன் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிச்சைமுத்து வேலையை இழந்தான்.

அடுத்த வெள்ளி. பீரோவைத் தானே பூட்டினார். பூட்டின்மேல் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒட்டினார். சாவி இடுப்பில். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் காகிதம் கிழியவில்லை. புதுக் கரி வாசனை மட்டும் மூக்கில் ஏறியது.

திறந்து எண்ணினார். நூற்றுப் பதின்மூன்று.

கூடுதல் படத்தில் இருந்தது அவர்தான். குனிந்து பூட்டில் காகிதம் ஒட்டுகிறார். பீரோவுக்கு உள்ளேயிருந்து, கதவிடுக்கு வழியாகப் பார்த்து வரைந்தது...

மைதீன் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். சைக்கிளை மிதித்தார். கருணாபுரத்தில் பிச்சைமுத்துவின் வீடு. கூலிக்கு மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். படத்தை வாங்கிப் பார்த்தான்.

“வாரம் ஒண்ணு வரும் சார். எடுத்துக்கினு வந்து அடுப்புல போட்டுடுவேன். சொன்னா நம்பியிருப்பீங்களா?”

“தப்பு என்னுதுதான். நானே எழுதிக் குடுக்கறேன், வேலைக்கு வந்துடு பிச்சைமுத்து.”

“இனிமே நான் வந்து இன்னா ஆவும் சார்? நான் எரிச்ச வரைக்கும் அவ கிளாஸைத்தான் வரைஞ்சிக்கினு இருந்தா. இப்ப உங்களப் பாத்துட்டா. நீங்க வூட்டுக்குப் போங்க சார்.”

அவமானத்திலும் பயத்திலும் மைதீனுக்கு அழுகை வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் விளக்கு ஏற்றுகிற நேரம். வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒன்றும் மாறவில்லை. ஆறு மாதக் குழந்தை தூளியில் தூங்கியது. மனைவி மெஹ்ராஜ் பேகம் பிடரியைத் தேய்த்துக்கொண்டே காபி கொண்டுவந்து வைத்தாள்.

“ஏங்க, மதியம் ஒரு அம்மாவ அனுப்பியிருந்தீங்களே... ஒரு மணி நேரம் அசையாம உக்கார வெச்சிட்டாங்க. கழுத்து புடிச்சிக்கிச்சி. நாளைக்கும் வராங்களாம். கொழந்தைய மடியில வெச்சிக்கினு உக்காரணுமாம்.”